அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கல்லூரி மாறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகள் சூடுபிடிக்கும்போதே, இன்னொரு செய்தியும் நாள்தோறும் வரத் தொடங்கிவிடும்: இன்ன வீரர் வேறு கல்லூரிக்கு மாறுவதற்காக டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டார் என்பதே அது. 2025ஆம் ஆண்டில், கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1இன் ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்டோர் அப்படிப் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் இருப்பவை ஏறக்குறைய 360 கல்லூரிகள். ஓர் அணிக்குப் பதின்மூன்று முதல் பதினைந்து பேர் என்று கணக்கிட்டால், மூன்றில் ஒருவருக்கும் மேலானோர் ஒரே வசந்த காலத்தில் இடம் மாற முயன்றிருக்கிறார்கள். அந்த விளையாட்டைப் பின்தொடரும் தமிழ் வாசகர்களும், அங்கே பிள்ளைகளை ஆடவிட்டிருக்கும் பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்பது என்ன?

அது ஒரு தரவுத்தளம், அவ்வளவுதான். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 2018 அக்டோபர் 15 அன்று அதைத் தொடங்கியது. கல்லூரியை விட்டு விலக விரும்பும் வீரரின் பெயர் அதில் ஏறியதும், மற்றக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அவரோடு பேசலாம். பொதுமக்களுக்கு அது திறந்திருப்பதில்லை. செய்திகளில் நாம் காணும் பட்டியல்கள் எல்லாம் உள்ளே பார்க்கக்கூடியவர்கள் சொல்லிச் செய்தியாளர்கள் தொகுத்தவை. "தொடர்பு கொள்ள வேண்டாம்" என்று குறித்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. எங்கே போவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள், தேவையற்ற அழைப்புகளைத் தவிர்க்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதற்கு முன்பு வீரர்கள் எப்படி மாறினார்கள்?

பயிற்சியாளரின் தயவில்தான் மாறினார்கள். விலக விரும்பும் வீரர் முதலில் தம் கல்லூரியிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் வேறு கல்லூரி அவரோடு பேசவோ உதவித்தொகை தரவோ முடியாது. இன்னின்ன கல்லூரிகளுக்கு மட்டும் போகக் கூடாது என்று பட்டியல் போட்டுத் தடுத்த பயிற்சியாளர்களும் இருந்தார்கள். நம் பள்ளிகளில் டி.சி. தராமல் இழுத்தடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதாகத் தோன்றாது. அனுமதி கிடைத்தாலும், புதிய கல்லூரியில் ஓராண்டு போட்டிகளில் ஆடாமல் பெஞ்சில் இருந்தாக வேண்டும்.

பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் நட்சத்திரமான லாரி பேர்டின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1974இல் பயிற்சியாளர் பாபி நைட்டின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காமல் சொந்த ஊரான ஃபிரெஞ்ச் லிக்குக்குத் திரும்பி, நகராட்சி வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். மறு ஆண்டு இந்தியானா ஸ்டேட்டில் சேர்ந்தபோதும் ஒரு சீசன் முழுவதும் ஆடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் 1979இல் அந்த அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்று, மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றார்.

ஓராண்டு காத்திருக்கும் விதி எப்படிப் போனது?

இரண்டு படிகளில் போனது. 2021 ஏப்ரலில் முதல் முறை மாறுபவர்களுக்கு மட்டும் அந்த விதியை என்சிஏஏ நீக்கியது. இரண்டாம் முறை மாறுபவர்கள் தனியாக விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அந்த இரண்டாம் தடையை உடைத்ததில் ரேக்வான் பேட்டில் என்ற வீரருக்குப் பங்குண்டு. வாஷிங்டன் மாநிலத்துத் துலாலிப் பழங்குடிப் பகுதியில் வளர்ந்த அவர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, மான்டனா ஸ்டேட்டுக்கு மாறி, அங்கிருந்த பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போனபின் 2023இல் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு வந்தார். இரண்டாம் முறை என்பதால் விலக்கு மறுக்கப்பட்டது. பயிற்சியாளர் நினைத்த மாத்திரத்தில் அணி மாறலாம், மறுநாளே சம்பளமும் வாங்கலாம், அவரை நம்பி வந்த மாணவர் மட்டும் ஓராண்டை இழக்க வேண்டுமா என்ற கேள்வி அப்போது வலுவாக எழுந்தது. ஏழு மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் தொடுத்த வழக்கில், 2023 டிசம்பர் 13 அன்று கூட்டாட்சி நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்தார். பேட்டில் அதே மாதத்தில் களமிறங்கினார். 2024 ஏப்ரலில் என்சிஏஏ தானே விதியை மாற்றியது. படிப்புத் தகுதி சரியாக இருந்தால், எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்பதுதான் இப்போதைய நிலை.

பெயர் கொடுப்பது எப்படி? யாரிடம்?

போர்ட்டலில் வீரரே நுழைந்து பெயரைப் பதிவு செய்ய முடியாது. தம் கல்லூரியில் விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வரி மின்னஞ்சல் போதும். அதைப் பெற்ற அலுவலகம் இரண்டு வேலை நாட்களுக்குள் பெயரை ஏற்றியாக வேண்டும். பயிற்சியாளர் கோபித்துக்கொண்டாலும் தடுக்க முடியாது. மின்னஞ்சலுக்கு முன்பு பயிற்சியாளரை நேரில் பார்த்துச் சொல்வது விதியல்ல, மரியாதை. அவர் நாளைக்கு வேறொரு பயிற்சியாளர் கேட்கும்போது இந்த வீரரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லப் போகிறவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

எப்போது வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாமா?

முடியாது. அதற்கென்று ஒரு கால அளவு உண்டு, அது சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் 60 நாட்கள், பிறகு 45, 2024 அக்டோபரில் 30 என்று குறைத்தார்கள். 2025இல் ஆண்களுக்கான காலம் மார்ச் 24 முதல் ஏப்ரல் 22 வரை இருந்தது. தேசியப் போட்டியில் பதினாறு அணிகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்த நாளில் கதவு திறந்ததால், ஆட்டத்துக்கு அணியைத் தயார் செய்வதா, அடுத்த ஆண்டுக்கு ஆள் தேடுவதா என்று பயிற்சியாளர்கள் புலம்பினார்கள். அந்தப் புலம்பலில் நியாயம் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் விலகும் அணியினருக்குத் தனி அவகாசம் உண்டு. தேதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், போன ஆண்டின் நாட்களை நம்பாமல், அந்தந்த ஆண்டுக்குரியதைக் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பெயர் கொடுப்பதற்குத்தான் இந்தக் கெடு. கெடு முடிவதற்குள் புதிய கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

பெயர் கொடுத்த பின் மனம் மாறினால் திரும்பலாமா? உதவித்தொகை என்ன ஆகும்?

பெயரைத் திரும்பப் பெறலாம். ஆனால் பழைய கல்லூரி மீண்டும் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் ஏறியதுமே, நடக்கும் கல்விப் பருவம் முடிந்தபின் உதவித்தொகையை நிறுத்திவிடும் உரிமை அந்தக் கல்லூரிக்கு வந்துவிடுகிறது. பல அணிகள் அந்த வாரமே இன்னொருவரைத் தேடத் தொடங்கிவிடும். "சும்மா பெயரைப் போட்டு, நம் மதிப்பு என்ன என்று பார்ப்போம்" என்று இறங்குபவர்கள் இதை யோசிப்பதில்லை.

வேறு கல்லூரிப் பயிற்சியாளர் முன்கூட்டியே பேசலாமா?

கூடாது. பெயர் போர்ட்டலில் ஏறுவதற்கு முன்பு பேசுவது விதிமீறல். நடைமுறையில், பள்ளிக்காலப் பயிற்சியாளர், கோடைக்கால அணியை நடத்துபவர், முகவர், பழைய அணித்தோழர் என்று யாராவது ஒருவர் மூலம் செய்தி வந்து சேர்ந்துவிடுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அப்படி வரும் செய்தி வாக்குறுதி ஆகாது. யாரும் கையெழுத்துப் போடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

படிப்பு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். ஆடும் நேரம் பற்றியும் பணம் பற்றியும் நூறு கேள்வி கேட்பவர்கள், பாடங்களை முடிப்பதற்குக் கணக்கில் ஏறும் கிரெடிட் பற்றி ஒன்றுகூடக் கேட்பதில்லை. கடைசியில் பலரைச் சிக்கவைப்பது அதுதான்.

டிவிஷன் 1 வீரர் ஒருவர் இரண்டாம் ஆண்டு முடிவில் தம் பட்டப்படிப்பில் 40 விழுக்காட்டையும், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 விழுக்காட்டையும், நான்காம் ஆண்டு முடிவில் 80 விழுக்காட்டையும் முடித்திருக்க வேண்டும். மாறிப்போனால், அந்த விழுக்காடு புதிய கல்லூரியில் தேர்ந்தெடுக்கும் பட்டத்தை வைத்தே கணக்கிடப்படும். இதன் பொருளை ஓர் உதாரணத்தால் காட்டலாம். மூன்று ஆண்டுகள் முடித்த ஒரு மாணவியிடம் 84 கிரெடிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு 120 வேண்டும்; அதில் 60 விழுக்காடு என்பது 72. அவரிடம் 84 இருக்கிறதே, பிரச்சினையில்லை என்று தோன்றும். ஆனால் புதிய பல்கலைக்கழகம் அந்த 84இல் 78ஐத்தான் ஏற்கிறது. அந்த 78இலும் அவர் எடுக்கப்போகும் பாடத்துறைக்குப் பொருந்துவது 63தான். மீதமுள்ளவை சான்றிதழில் அச்சாகும், பட்டத்துக்கு உதவாது. ஆக, 9 கிரெடிட் குறைகிறது. அதாவது மூன்று பாடங்கள். கோடை விடுமுறையில் அந்த மூன்றையும் முடித்தால் நவம்பரில் ஆடலாம். முடிக்காவிட்டால், என்னதான் விதி தளர்ந்திருந்தாலும், உடை மாற்றாமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வேண்டியதுதான்.

இதைத் தவிர்க்கச் சிலர், கிரெடிட் எந்தத் துறையில் அதிகம் பொருந்துகிறதோ அந்தத் துறைக்கே மாறிவிடுகிறார்கள். பொறியியல் படிக்க வந்தவர் பொதுப் படிப்பொன்றில் பட்டம் பெற்றுப் போவது இப்படித்தான். அது அவரவர் விருப்பம். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். மாறுவதாக வாக்குக் கொடுப்பதற்கு முன்பே, எந்தெந்தப் பாடம் எந்தப் பட்டத்துக்குக் கணக்கில் வரும் என்ற மதிப்பீட்டைப் புதிய கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்திலிருந்து பெற வேண்டும். "அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று துணைப் பயிற்சியாளர் தொலைபேசியில் சொல்வதை மதிப்பீடாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதில் பணம் எப்படி வந்தது?

2021 ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தவிட்டுப் பணம் பெறலாம். என்.ஐ.எல். என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். அதே ஆண்டில்தான் முதல் மாறுதலுக்கான காத்திருப்பும் நீங்கியது. இரண்டும் சேர்ந்தபோது, விளம்பரம் என்ற பெயரில், கல்லூரி ஆதரவாளர்கள் திரட்டிய நிதியிலிருந்து வீரர்களை ஈர்க்கும் சந்தை உருவாகிவிட்டது.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாடு இன்னொரு படி மேலே போனது. 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2.05 கோடி டாலர் வரை தரலாம் என்று வரம்பு வைத்தார்கள். பெரிய கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். கால்பந்து அணியே இல்லாத கல்லூரிகள் கூடைப்பந்துக்கு ஒதுக்கும் தொகை சில நேரம் பெரிய பெயர்களைவிட அதிகமாக இருப்பதற்கு அதுவே காரணம். வெளியிலிருந்து வரும் 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள், என்.ஐ.எல். கோ என்ற சரிபார்ப்பு முறையில் பதியப்பட வேண்டும்.

இந்தத் தொகைக்கு வருமான வரி உண்டு என்பதையும், ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை பற்றிய பிரிவு இருக்கக்கூடும் என்பதையும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். முகவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் என்பிஏ வீரர்களின் சங்கம் முகவர் கட்டணத்துக்கு 4 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருப்பதுபோல், கல்லூரிப் பக்கம் பொதுவான வரம்பு எதுவும் இல்லை. கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டும் செலவு வீண் செலவல்ல.

மாறியதால் உண்மையில் பயனடைந்தவர்கள் உண்டா?

உண்டு, நிறையவே. ஏஞ்சல் ரீஸ் 2022இல் மேரிலாந்திலிருந்து லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யு.) வந்து, அடுத்த ஆண்டே பெண்கள் தேசியப் பட்டத்தை வென்ற அணியின் தலைசிறந்த வீராங்கனையானார். டால்டன் கெனெக்ட், கொலராடோவில் ஒரு ஈராண்டுக் கல்லூரியில் தொடங்கி, நார்தர்ன் கொலராடோவில் ஈராண்டு ஆடி, டென்னசியில் கழித்த ஒரே ஆண்டில் தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பான எஸ்.இ.சி.யின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் 2024 என்பிஏ தேர்வில் 17ஆவதாக லேக்கர்ஸ் அணி அவரை எடுத்தது.

ஆனால் 2025இன் ஃப்ளோரிடா அணிதான் முழு மாறுதல் காலத்துக்கும் நல்ல அடையாளம். வால்டர் கிளேட்டன் ஜூனியர் நியூயார்க் அருகிலுள்ள அயோனா என்ற சிறிய கல்லூரியில் பயிற்சியாளர் ரிக் பிட்டினோவிடம் ஆடியவர். 2023இல் பிட்டினோ செயின்ட் ஜான்ஸுக்குப் போனபோது, இவர் தம் சொந்த மாநிலமான ஃப்ளோரிடாவுக்குத் திரும்பினார். 2025 ஏப்ரல் 7 இறுதிப் போட்டியில் ஃப்ளோரிடா இறக்கிய முதல் ஐவரில் நால்வர் வேறு கல்லூரிகளில் தொடங்கியவர்கள். ஹூஸ்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கடைசி நொடிகளில் ஃப்ளோரிடா 65–63 என்று முன்னணியில் இருக்க, வெற்றிக்கான பந்து ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப்பிடம் வந்தது. அவர் எறிய எழும்பும்போது கிளேட்டன் பாய்ந்து வந்தார். ஷார்ப் எறிய முடியாமல் பந்தைக் கீழே விட்டார். தாம் விட்ட பந்தை வேறொருவர் தொடுவதற்கு முன் தாமே தொட்டால் விதிமீறல் என்பதால், குதித்துக்கொண்டிருக்கும் பந்தைத் தொடவும் முடியாமல் அதன் பக்கத்திலேயே நின்றார். நேரம் முடிந்தது. கிளேட்டனை அன்று பட்டத்துக்குக் கொண்டுசேர்த்தது அவர் எடுத்த புள்ளிகளைவிட அந்த ஓட்டம்தான்.

பெயர் கொடுத்தும் எங்கும் இடம் கிடைக்காமல் போகுமா?

போகும். செய்திகளில் வராத பக்கம் இது. ஹவுஸ் உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் கூடைப்பந்து அணிக்கு 15 இடங்கள்தான். மேலே போக விரும்புபவர்களும், கீழே தள்ளப்பட்டவர்களும், பள்ளியிலிருந்து புதிதாக வருபவர்களும், வெளிநாட்டுத் தொழில்முறைக் கழகங்களிலிருந்து வருபவர்களும் அதே இடங்களுக்கே போட்டியிடுகிறார்கள். நாற்காலியைவிட ஆட்கள் அதிகம் என்பதால், சிலர் டிவிஷன் 2 அணிகளுக்கு இறங்குகிறார்கள். சிலர் உதவித்தொகை இல்லாமல் சேர்கிறார்கள். சிலர் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும் வீரர், தம்மை வேண்டும் என்று சொல்லும் அணி உண்மையில் இருக்கிறதா என்பதைத் தம் நலன் நாடும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுத் தெளிந்தபின் மின்னஞ்சல் அனுப்புவது உத்தமம்.

எல்லாரும் பணத்துக்காகவும் புகழுக்காகவும்தான் மாறுகிறார்களா?

இல்லை. எலெனா டெல்லி டான் 2008இல் நாட்டின் மிகச் சிறந்த பள்ளி வீராங்கனையாகக் கருதப்பட்டவர். பெண்கள் கூடைப்பந்தின் உச்சமாக இருந்த கனெக்டிகட்டில் சேர்ந்து, இரண்டே நாளில் வீடு திரும்பினார். அவருடைய அக்காவுக்குப் பார்வையும் செவித்திறனும் இல்லை. தொடுதலாலும் மணத்தாலுமே ஆளை அறிபவர். தொலைபேசியில் பேசியோ கடிதம் எழுதியோ அவரோடு உறவைத் தொடர வழியில்லை. எனவே டெல்லி டான் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள டெலவேர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் ஆண்டு கைப்பந்து ஆடினார். 2009இல்தான் கூடைப்பந்துக்குத் திரும்பினார். 2013இல் பெண்கள் தொழில்முறை லீகான டபிள்யு.என்.பி.ஏ.வின் தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்டு, பிற்பாடு இரண்டு முறை அந்த லீக்கின் மதிப்புமிக்க வீராங்கனை விருதைப் பெற்றார். வீட்டு நோய்நொடி, ஊர் ஏக்கம், பயிற்சியாளரோடு ஒத்துவராமை, விரும்பிய பாடத்துறை இல்லாமை என்று மாறுபவர்களுக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். அவற்றையெல்லாம் வெளியே சொல்லிக்கொண்டிருக்க அவர்கள் கடமைப்பட்டவர்களும் அல்லர்.

சீசன் நடுவில் மாறி ஆடலாமா?

மாறலாம், ஆனால் ஒரே சீசனில் இரண்டு கல்லூரிகளுக்கு ஆட முடியாது. காங்கோ நாட்டைச் சேர்ந்த ஆஸ்கர் ஷீப்வே 2021 ஜனவரியில் வெஸ்ட் வர்ஜீனியாவை விட்டுக் கென்டக்கிக்கு வந்தார். அந்த சீசனின் மீதிப் பகுதியில் பயிற்சி மட்டும் செய்தார். அடுத்த சீசனில் நாட்டின் சிறந்த வீரர் விருதை வென்றார்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் தனியாக என்ன செய்ய வேண்டும்?

போர்ட்டலில் பெயர் ஏறுவதற்கும் குடிவரவுத் துறைப் பதிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டும் தனித்தனி வேலைகள். புதிய கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் வந்ததும், பழைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் சொல்லி, வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் உள்ள பதிவைப் புதிய கல்லூரிக்கு விடுவிக்கும் நாளை முடிவு செய்ய வேண்டும். அதன் பின்னரே, மாணவர் விசாவுக்கு அடிப்படையான ஐ-20 படிவம் புதிதாகக் கிடைக்கும். விடுவித்த நாளிலிருந்து ஐந்து மாதத்துக்குள் புதிய வகுப்புகள் தொடங்க வேண்டும். படிப்பு தொடங்கிய 15 நாட்களுக்குள் புதிய அலுவலகத்தில் வருகையைப் பதிந்துகொள்ள வேண்டும். விடுவிக்கும் நாளுக்குப் பிறகு பழைய கல்லூரியால் அந்தப் பதிவில் எதையும் திருத்த முடியாது என்பதால், இடம் உறுதியாகும்வரை அவசரப்பட வேண்டாம்.

பணம் தொடர்பாக இவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். என்சிஏஏ அனுமதிப்பதால் விசா அனுமதிக்கிறது என்று ஆகிவிடாது. அமெரிக்க மண்ணில் விளம்பரத்தில் நடிப்பதும் கடைத் திறப்பு விழாவுக்குப் போவதும் அனுமதியற்ற வேலையாகக் கருதப்படக்கூடும். மேலே சொன்ன ஷீப்வே, 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் சென்றிருந்தபோது அங்கேயே தம் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டது இதற்காகத்தான். அணி சொல்வதை மட்டும் நம்பாமல், குடிவரவு வழக்கறிஞரைத் தனியே கேட்க வேண்டும். விசா பறிபோனால் ஊருக்குத் திரும்பப்போவது அணி அல்ல.

எத்தனை முறை மாறலாம்?

விதிப்படி எண்ணிக்கை வரம்பு நீங்கிவிட்டது. ஆடும் ஆண்டுகளுக்குத்தான் வரம்பு உண்டு. கல்லூரி மாறுவதால் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. ஹேலி வான் லித் லூயிவில், எல்.எஸ்.யு., டெக்சஸ் கிறிஸ்டியன் (டி.சி.யு.) என்று மூன்று கல்லூரிகளில் ஆடி, கடைசிக் கல்லூரியை 2025இல் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் கொண்டுசென்றார். மூன்று கல்லூரிகளிலும் கிரெடிட் கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டால்தான் அது முடியும்.

புதிய கல்லூரிக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

கிரெடிட் மதிப்பீடு, உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு என்பது குறித்த கடிதம், பண ஒப்பந்தத்தின் முழு வாசகம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். நேரில் போகும்போது, பயிற்சியாளர் அறையைவிட, தற்போது அங்கே ஆடும் ஒருவரோடு உணவகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது அதிகம் சொல்லும். அதே இடத்தில் ஆட இன்னும் எத்தனை பேரை அழைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் அது பெரும்பாலும் பொது ஆவணம், கேட்டால் கிடைக்கும்.